மாமியின் பாய்க் கடை இணையதளம்: யாராவது வழி சொல்லுங்களேன்

பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் எங்கள் மாமிக்கு 2002இல் ஒரு தம்பி இணையதளம் போட்டுக் கொடுத்தார். இன்றும் அதேதான். மேலே ‘நல்வரவு’ ஓடிக்கொண்டே இருக்கும், ஓரத்தில் குத்துவிளக்கு விட்டுவிட்டு எரியும், அடியில் வந்தவர் எண்ணிக்கை. எனக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பும் பாசமும் சேர்ந்து வரும்.

சிக்கல் தமிழ்ப் பகுதியில். இன்று எல்லாக் கருவியிலும் பொதுவாக உள்ள யூனிகோடு குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துரு என்பதால், போனில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். கோரையைத் தாமிரபரணியில் ஊறப்போடுவது, மெல்லிசாகக் கிழிப்பது, கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வது என்று மாமி தன் வாயால் சொன்னதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது. பாமினி என்ற பழைய எழுத்துருவாக இருக்கும் என்று நினைத்து, யூனிகோடாக மாற்றித் தரும் கருவியில் போட்டேன், உளறலாக வந்தது. அந்தக் காலத்துக் குறியீட்டு முறைகளில் இது டிஸ்கியா, டேப்பா, எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துருக் கோப்பும் தொலைந்துவிட்டது.

இன்னொன்று. முகப்பில் தறி ஆடும் ஃபிளாஷ் அசைபடம், ஃபிளாஷ் மென்பொருளையே நிறுத்திவிட்டதால், 2020 முடிவோடு நின்றுபோனது. பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் ரஃபிள் என்ற மென்பொருளைப் போட்டால் ஓடும் என்கிறார்கள். பழைய எச்டிஎம்எல் பக்கத்தில் யாராவது சேர்த்திருக்கிறீர்களா?

புதிதாகச் செய்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு நிறுவனம் புதுத் தளத்துக்கு மாதிரி ஒன்றைச் செய்து காட்டியது. வெள்ளையும் சாம்பலுமாக, ஆஸ்பத்திரி போல. “இது யார் கடை?” என்று கேட்டுவிட்டு மாமி எழுந்து போய்விட்டார். நானும் அவர் கட்சிதான்.

அடுத்த மாதம் சர்வர் மாற்ற வேண்டும். அதற்குள் எழுத்து விஷயமாவது முடிந்தால் போதும். மூலக் கோப்பு கேட்டால் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.