அடிஸ் அபாபாவுக்கு அம்மாவ கூட்டிட்டுப் போறேன், போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். தம்பிக்கு எத்தியோப்பியால வேலை, ஆகஸ்ட்ல நானும் அம்மாவும் பத்து நாள் அடிஸ் அபாபால தங்கப் போறோம். அம்மா சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டாங்க, மஞ்சக்குப்பத்த விட்டா திருப்பதி வரைக்கும்தான் போயிருக்காங்க. ஆப்பிரிக்கான்னதும் சொந்தக்காரங்க எல்லாம் வெயில் கொளுத்தும், சோறு கிடைக்காது, இந்த வயசுல எதுக்கு இழுத்துட்டுப் போறேன்னு பயமுறுத்துறாங்க. உள்ளபடி எப்படி இருக்கும்?

முத்தியால்பேட்டைக்காரன் (புதுச்சேரி):
அண்ணே தைரியமா கூட்டிட்டுப் போங்க. வெயில்னு சொன்னவங்க யாரும் அங்க போகலன்னு நினைக்கிறேன், அந்த ஊர் 2,300 மீட்டர் உயரத்துல இருக்கு, நம்ம ஊட்டிய விட மேல, ஆகஸ்ட் அவங்களுக்கு நல்ல மழைக்காலம் வேற, சாயந்திரம் ஸ்வெட்டர் இல்லாம வெளிய வரமுடியாது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், அதனால முதல் ரெண்டு நாள் அம்மாவ எங்கயும் அலைய வைக்காதீங்க.

சாப்பாடு பத்தி கவலையே வேணாம். டெஃப்னு கடுகை விடச் சின்ன தானியம், அதை அரைச்சு கரைச்சு ரெண்டு மூணு நாள் புளிக்க வெச்சு பெரிய தட்டு அளவுக்கு தோசை மாதிரி சுடுறாங்க, ஒரு பக்கம்தான் வேகும், மேல ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், பேரு இஞ்செரா. அது மேலயே பருப்பு, கீரை, ஷிரோன்னு கடலை மாவுக் குழம்பு எல்லாம் ஊத்தி வெச்சு எல்லாரும் ஒரே தட்டுல பிச்சு சாப்பிடுவாங்க.

எனக்கு மறக்கவே முடியாதது காபிதான். ஒரு வீட்டுல கூப்பிட்டாங்க, தரையில பச்சைப்புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, அந்தம்மா பச்சைக் கொட்டைய நம்ம கண்ணு முன்னாடியே வறுத்து, புகை வர்ற சட்டிய ஒவ்வொருத்தர் மூக்குகிட்டயும் கொண்டு வந்து காட்டினாங்க. அப்புறம் இடிச்சு, ஜெபெனாங்கற கழுத்து நீண்ட மண்கூஜாவுல கொதிக்க வெச்சு ஊத்துனாங்க. மூணு சுத்து வரும், மூணாவதுக்கு பேரு பரக்கா, ஆசீர்வாதம்னு அர்த்தம், பாதியில எழுந்து வராதீங்க.

மணி விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. அவங்களுக்கு விடிஞ்சாதான் கணக்கு ஆரம்பம், நம்ம பழைய நாழிகை மாதிரி. டிரைவர் ரெண்டு மணிக்கு வரேன்னார், நான் மத்தியானம்னு இருந்தேன், அவர் காலைல எட்டுக்கே வந்து வாசல்ல நிக்கிறார்.

திருப்பாப்புலியூர் டீச்சர்:
தம்பி, ஆகஸ்ட் 7லருந்து 21 வரைக்கும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்களுக்கு மாதா விரதம், கறி, பால், முட்டை எதுவும் தொடமாட்டாங்க, ஹோட்டல்லயும் விரதச் சாப்பாடு தாராளமா கிடைக்கும். மத்த நாள்ல புதனும் வெள்ளியும் விரதம். சிலபேர் விரதத்துல மீன் சேர்ப்பாங்க, அதனால மீனும் வேணாம்னு சொல்லிடுங்க.

எங்கப்பா 70கள்ல அங்க ஒரு ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்தாரு, அப்போ நம்ம நாட்டு வாத்தியாருங்க நிறைய பேர் எத்தியோப்பியால இருந்தாங்க. அவர்தான் எனக்கு அம்ஹாரிக் எழுத்து காட்டினாரு, நம்ம உயிர்மெய் மாதிரியே ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிரோட ஏழு உருவம் எடுக்கும். வருஷத்துக்கு 13 மாசம், கடைசி மாசம் அஞ்சே நாள், லீப் வருஷம்னா ஆறு. நேஷனல் மியூசியத்துல லூசிய அவசியம் பாருங்க, 32 லட்சம் வருஷத்துக்கு முந்தின மனுஷ மூதாதையோட எலும்புக்கூடு, 1974ல கிடைச்சது. பார்வைக்கு வெச்சிருக்கிறது நகல்தான், ஆனா அது முன்னாடி நிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். அவங்க மொழியில அதுக்கு டின்கினேஷ்னு பேரு, நீ அற்புதமானவள்னு அர்த்தம்.

சில்வர் பீச் (கடலூர்):
முக்கியமானத யாரும் சொல்லல. எத்தியோப்பியா போறதுன்னா மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணும், மஞ்சக்காமாலை ஊசின்னு குழப்பிக்காதீங்க. பத்து நாள் முன்னாடியே போட்டு கார்டு வாங்கிடணும், இல்லன்னா திரும்பி வரும்போது ஏர்போர்ட்லயே பிடிச்சு ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சிடுவாங்க. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. அம்மாவுக்கு 60 தாண்டியிருந்தா டாக்டர்கிட்ட கேக்காம போடாதீங்க. மெர்காட்டோ மார்க்கெட்ல போனை உள்பாக்கெட்ல வைங்க.

கெடிலக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட உக்காந்து வாசிச்சுக் காட்டினேன். மூணு நாள் புளிச்ச மாவுல வெந்தயம் போடுவாங்களான்னு கேட்டாங்க. டாக்டர வர்ற திங்கக்கிழமை பாக்கறோம். அப்பாவோட பழைய ஸ்வெட்டர பெட்டியிலருந்து எடுத்து இப்பவே மாடியில வெயில்ல போட்டுட்டாங்க.