மறு: டயாட்டம் – ‘சிமிழ்ப்பாசி’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நீரில் வாழும் நுண்பாசியான டயாட்டத்துக்குத் தமிழ்ச்சொல் கேட்டுப் போன வாரம் எழுதியிருந்தேன். ஒன்பது பேர் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் இருமுறை படித்தேன். என் தேர்வைச் சொல்வதற்கு முன், இந்தச் சொல்லுக்காக நான் ஏன் இவ்வளவு தவிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

தருமபுரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் மாணவர்களை ஒகேனக்கல்லுக்கும் தென்பெண்ணைக் கரைக்கும் அழைத்துப்போவது வழக்கம். ஆற்றிலிருந்து உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் தட்டிலுள்ள நீர் வரக்காப்பி நிறத்துக்கு மாறும். அந்தப் பழுப்பு சேறு அல்ல. அதில் பெரும்பங்கு டயாட்டங்கள்தான். இந்த முறை பக்கத்துக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, “என்ன கண்ணு, கல்லைத் தேய்த்து என்ன எடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். பென்னாகரத்துப் பக்கத்திலிருந்து படிக்க வரும் மாணவி, “டயாட்டம் எடுக்கிறோம்” என்றாள். “அப்படியென்றால்?” “ஒரு வகைப் பாசி அம்மா.” “பாசி பச்சையாக அல்லவா இருக்கும்?”

மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஃபியூகோசாந்தின் என்ற நிறமி மேலோங்கி இருப்பதால் பச்சையம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று தேர்வில் அவள் சரியாக எழுதியவள்தான். ஆனால் அந்த அம்மாவிடம் சொல்ல அவளிடம் ஒரு சொல் இல்லை. என்னிடமும் இல்லை. உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த உயிர்களால் நடக்கிறது. நாம் இழுக்கும் மூச்சில் அவற்றுக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது, நம் மொழியில் அவற்றுக்குப் பெயர் இல்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் இதுவே மனத்தில் ஓடியது.

இனி நீங்கள் அனுப்பிய சொற்கள்.

‘இருகூற்றுப்பாசி’ கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானது. டயாட்டம் என்றாலே ‘குறுக்கே வெட்டப்பட்டது’ என்றுதான் பொருள். ஆனால் அதே குளத்து நீரில் டெஸ்மிட் என்ற பச்சைப்பாசி வாழ்கிறது. நடுவில் இடுப்புப் போல ஒடுங்கி, இரண்டு சமபாதிகளாகத் தெரியும். ‘இருகூறு’ என்று சொல்லி மாணவரை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னால் நூற்றுக்கு நூறு டெஸ்மிட்டைத்தான் காட்டுவார். ‘சிலிக்காப்பாசி’ தவறில்லை, ஆனால் சைனூரா போன்ற பொன்னிறப் பாசிகளுக்கும் சிலிக்காச் செதில்கள் உண்டு. ‘படகுப்பாசி’ நாவிகுலா என்ற ஒரு பேரினத்துக்கு மட்டுமே பொருந்தும். அந்த லத்தீன் பெயருக்கே சிறு படகு என்றுதான் பொருள்.

‘கண்ணாடிப்பாசி’யை விட எனக்கு மனமே வரவில்லை. ஓடு முழுவதும் நீரேறிய சிலிக்கா, அதாவது கண்ணாடிக்கு உறவான பொருள். தமிழில் பாசி என்றால் நீரில் படர்வதும் ஆகும், கழுத்தில் கோத்துப் போடும் மணியும் ஆகும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர்வது அழகுதான். அந்த அழகே இங்கே இடைஞ்சலாகிறது. ஒகேனக்கல் கடைத்தெருவில் கண்ணாடிப்பாசி கேட்டால் மாலை எடுத்துக் காட்டுவார்கள்.

என் தேர்வு: சிமிழ்ப்பாசி.

குங்குமச் சிமிழைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதி ஒன்று, அதைவிட ஒரு மயிரிழை பெரிதாக மூடி ஒன்று. மூடியின் விளிம்பு அடியின் விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். டயாட்டத்தின் உடல் அமைப்பு அப்படியே இதுதான். வெறும் பெட்டி என்றால் போதாது, விளிம்பின்மேல் விளிம்பு ஏறிய பெட்டியாக இருக்கவேண்டும். வட்டமானாலும் நீளமானாலும், கடலில் இருந்தாலும் ஏரியில் இருந்தாலும், இந்த ஓர் அமைப்பு மாறுவதில்லை. வள்ளுவர் உட்பகையைப் பற்றிச் சொல்லும்போது ‘செப்பின் புணர்ச்சி’ என்கிறார் (குறள் 887). மூடியும் அடியும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல என்பதை அவர் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார். ஆகவே ‘செப்புப்பாசி’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். செப்பு என்றதும் இன்றைக்குச் செம்புதான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்குப் பாசியைக் கொல்லக் குளத்தில் மயில்துத்தம் போடுகிறார்கள், அதுவும் செம்பு கலந்த உப்பு. குழப்பம் வேண்டாம். சிமிழே போதும்.

இந்தச் சொல்லின் உண்மையான பலம் செல் பிரியும்போதுதான் தெரிகிறது. சிமிழ் திறக்கிறது. ஒரு சேய்க்கு மூடி, இன்னொரு சேய்க்கு அடி. இரண்டுமே தமக்குக் கிடைத்ததை மூடியாக வைத்துக்கொண்டு உள்ளே புதிய அடியைச் செய்துகொள்கின்றன. மூடியைப் பெற்றது தாயின் அளவே இருக்கும். அடியைப் பெற்றது ஒரு சுற்றுச் சிறுத்துவிடும். தலைமுறை தலைமுறையாக இப்படிச் சிறுத்துக்கொண்டே வந்து, ஓர் எல்லைக்குக் கீழே போனதும் பாலினப் பெருக்கம் நடந்து, பழைய ஓட்டை உதறிவிட்டு, ஊதிப் பெருத்து, முழு அளவில் புதிய சிமிழ் கட்டிக்கொள்கிறது. ஆக்சோஸ்போர் என்ற அந்த நிலையை ‘வளர்வித்து’ எனலாம். 1869-ல் மெக்டொனால்டும் ஃபிட்சரும் தனித்தனியே எழுதிய இந்த விதியை நான் கரும்பலகையில் படம் போட்டு அரைமணி நேரம் விளக்குவேன். போன செவ்வாய்க்கிழமை என் அம்மாவின் மரச்சிமிழைக் கொண்டுபோய்த் திறந்து காட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வழிச்சொற்களும் தடையின்றி வருகின்றன. மையச் சமச்சீர் உடையது வட்டச் சிமிழ்ப்பாசி, இறகு வடிவினது இறகுச் சிமிழ்ப்பாசி. செத்த ஓடுகள் படிந்து உண்டான மண், நோபெல் 1867-ல் டைனமைட்டுக்காக நைட்ரோகிளிசரினை ஊறவைத்த மண், இன்றைக்கு இயற்கை வேளாண்மைக் கடைகளில் தானியத்தில் வண்டு விழாமல் இருக்க விற்கிறார்களே அந்த வெள்ளைத்தூள், எல்லாம் ‘சிமிழ்மண்’. அந்தத் தூளின் கூர்முனைகள் பூச்சியின் மேல்தோல் மெழுகைச் சுரண்டி, உடல்நீரை வற்றவைத்துக் கொல்கின்றன. கேழ்வரகு சேமிக்கும் எங்கள் மாவட்டத்து விவசாயிக்கு இதைத் தமிழில் சொல்ல முடியவேண்டும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து எழுதிய தம்பிக்கு: கடலோர நீரில் வரும் கீட்டோசெரோஸ் என்ற டயாட்டத்தைச் சிமிழ் என்று எப்படிச் சொல்வது, அது முள்ளும் மயிருமாக அல்லவா இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நீண்ட முட்கள் புறப்படும் மூலைகளைப் பாருங்கள். நடுவில் இருப்பது சிமிழ்தான். காசினோடிஸ்கஸோ, கேட்கவே வேண்டாம், அச்சு அசலான வட்டச் சிமிழ். எனக்கு இதில் ஒரு மகிழ்ச்சியும் உண்டு. நந்தி மலையில் பிறந்து ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி அணைக்கு வரும் தென்பெண்ணை உங்கள் பக்கத்துக் கடலூரில்தான் கடலோடு கலக்கிறது. ஒரே ஆற்றின் தலையிலும் காலிலும் உட்கார்ந்துகொண்டு நாம் ஒரே சொல்லைத் தேடுகிறோம். இங்கே கல்லில் ஒட்டியிருப்பதற்கும் அங்கே உப்புநீரில் மிதப்பதற்கும் பொருந்தாத சொல் நமக்கு வேண்டாம்.

சில சிமிழ்ப்பாசிகளின் ஓட்டில் நீளவாக்கில் ஓடும் ராஃபே என்ற பிளவுக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் அமையவில்லை. கிரேக்கத்தில் தையல் என்று பொருள். ‘தையல்’ என்றே வைக்கலாமா? ‘கீற்று’ என்றால் தென்னங்கீற்று நினைவுக்கு வருகிறது. சொல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து,
அன்புடன்.

———

அன்புள்ள மகளுக்கு,

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவள், அறிவியல் தெரியாது. சிமிழ்ப்பாசி நல்ல சொல். நாக்குக்கும் இதமாக இருக்கிறது.

ஒரு தடை. மூடி, அடி என்று பெயர் வைத்துவிட்டு, அடுத்த தலைமுறையில் அடியே மூடியாகிறது என்கிறாய். பிறகு பெயர் நிற்குமா? நத்தைக்கும் நிலக்கடலைக்கும் நாம் ‘ஓடு’ என்கிறோமே. இரண்டையும் ஓடு என்று பொதுவாகச் சொல்லி, தேவைப்படும் இடத்தில் மேலோடு, உள்ளோடு என்று பிரித்தால் என்ன?

தையல் வேண்டாம். பெண்ணுக்கும் அந்தப் பெயர் உண்டு, தையற்கடையும் வந்து நிற்கும். நீ அனுப்பிய படத்தை என் பேத்தி பெரிதாக்கிக் காட்டினாள். நடுவில் நேராக ஒரு கோடு, இரு பக்கமும் சீவிவிட்டாற்போல மெல்லிய வரிகள். எனக்கு அது வகிடாகத்தான் தெரிந்தது. பிறகு உன் விருப்பம்.

———

அம்மா,

உங்கள் கடிதத்தைக் காலை வகுப்பில் உரக்கப் படித்தேன். ‘வகிடு’ என்ற இடம் வந்ததும் பின்வரிசைப் பெண்கள் சட்டென்று நுண்ணோக்கியைப் பார்த்தார்கள். இதற்குமேல் நான் வேறு சொல் தேடப்போவதில்லை.

அறிவியல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தந்த சொல் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். நாவிகுலாவுக்கு நேர்வகிடு. நிட்சியாவில் அந்தப் பிளவு ஓட்டின் விளிம்போரமாக ஒரு மேட்டின்மேல் ஓடும், அது கோணவகிடு. சிம்பெல்லாவின் உடலோடு சேர்ந்து அதன் வகிடும் வளையும். அக்னாந்திடியத்திலும் காக்கோனிஸிலும் ஓர் ஓட்டில் மட்டும் வகிடு இருக்கும், இன்னொன்றில் இருக்காது: ஒற்றை வகிடு. ஃப்ராஜிலாரியாவுக்கு வகிடே இல்லை. இந்தப் பிரிவுகளைக் கிரேக்க முன்னொட்டுகளோடு மனப்பாடம் செய்யவைக்க நான் ஆண்டுதோறும் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

வகிட்டின் வழியாகத்தான் பிசின் போன்ற பொருள் கசிகிறது. அதைப் பற்றிக்கொண்டுதான் சிமிழ்ப்பாசி கல்லின்மேல் வழுக்கி நகர்கிறது. வண்டல் வந்து கல்லை மூடினால், நகரத் தெரிந்தவை மேலே ஏறிவந்து பிழைத்துக்கொள்ளும், மற்றவை புதைந்துபோகும். ஆகவே ஒரு கல்லில் வகிடுள்ளவையும் இல்லாதவையும் எந்த அளவில் இருக்கின்றன என்பதே அந்த ஆற்றைப் பற்றி ஒரு செய்தி. சாக்கடை கலந்த நீரில் நிட்சியா பேலியா என்ற கோணவகிட்டுக்காரி பெருகுவாள். பாட்டிலில் பிடித்த நீர் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். கல்லில் வாழ்வது பல வாரத்துக் கதையைச் சொல்லும். ஓசூர் அருகே தென்பெண்ணையில் உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் செய்தித்தாளில் படம் வருகிறது. நுரை அடங்கிய பிறகும் கல்லில் இருப்பவை சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சாட்சியத்தைக் கரையில் பயிர் செய்பவர்களுக்குப் படித்துக் காட்டத்தான் எனக்கு இந்தச் சொற்கள் வேண்டும்.

‘ஓடு’ பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான். நேற்றைய மருமகள் இன்றைய மாமியார் என்று வாதாட நினைத்தேன். பிறகு மாதிரித் தகட்டைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். ஹைட்ரஜன் பெராக்சைடில் கொதிக்கவைத்து உயிர்ப்பொருளை நீக்கிவிட்டால் சிமிழ்கள் பெரும்பாலும் பிரிந்துவிடும். தனியே கிடப்பது மூடியா அடியா என்று சொல்ல வழியில்லை. நீரின் தரம் பார்க்க நாங்கள் 400 எண்ணுவது இந்தத் தனித்தனிப் பாதிகளைத்தான். பிரியாமல் முழுச்சிமிழாகக் கிடந்தால் இரண்டு என்று கணக்கு. ‘400 ஓடு எண்ணினோம்’ என்று எழுதினால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது!

ஆகவே சிமிழ், ஓடு, மேலோடு, உள்ளோடு, வகிடு, வரி. இனப்பெயர்கள் லத்தீனிலேயே இருக்கட்டும். டயாட்டம் என்று எழுதிப் பழகியவர்கள் அப்படியே எழுதட்டும். பக்கத்திலேயே சிமிழ்ப்பாசியும் நிற்கட்டும்.

இரண்டு ஓடுகளும் சேரும் இடத்தைச் சுற்றிவரும் பட்டைக்கு மட்டும் இன்னும் சொல் இல்லை. மேகலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அரைஞாண் என்று இன்னொருவர். எனக்கு அரைஞாண் பிடித்திருக்கிறது, ஆனால் அது மெல்லிய கயிறு, இது அகலமான பட்டை. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது எழுதினால் நல்லது. சனிக்கிழமை காலை மாணவர்களோடு மறுபடியும் ஆற்றுக்குப் போகிறேன். துணி துவைக்கும் அந்த அம்மா அங்கே இருந்தால், பென்னாகரத்து மாணவியே போய்ச் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன். மரச்சிமிழை அவள் பையில் வைத்துவிட்டேன்.