41க்கு 39 என்று கட்சி தோற்றபிறகும் வில்லி பிரவுன் சபாநாயகர் ஆனது எப்படி?

அவைக்குறிப்பு கேட்கிறார்:
கலிபோர்னியா சட்டமன்றக் கீழவையில் வில்லி பிரவுன் 1980 டிசம்பரிலிருந்து 1995 ஜூன் வரை சபாநாயகர். ஆனால் 1994 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 41 இடம், அவருடைய ஜனநாயகக் கட்சிக்கு 39. அதற்குப் பிறகும் நாற்காலி எப்படித் தங்கியது? அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லையா? அவ்வளவு செல்வாக்கு உள்ளவர் சான் பிரான்சிஸ்கோ மேயர் பதவிக்கு இறங்கிப் போவானேன்?

எண்பது இருக்கை:
வாக்கை எண்ணினாலே பாதி விளங்கிவிடும். மொத்தம் 80 இடம், வெல்ல 41 வேண்டும். குடியரசுக் கட்சியின் பால் ஹார்ச்சர் கட்சியை விட்டு சுயேச்சையாகி பிரவுனுக்கு வாக்களித்தார். டிசம்பரில் பிரவுனுக்கு 40, அவையில் குடியரசுக் கட்சியின் தலைவரான ஜிம் புரூல்டேக்கு 40. அவை அப்படியே முடங்கியது.

முடிச்சு அவிழ்ந்தது 1995 ஜனவரியில். குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் மவுன்ட்ஜாய் கீழவைக்கும் மேலவைக்கும் ஒரே சமயத்தில் தேர்வாகியிருந்தார். ஒருவர் இரண்டு அவையில் உட்கார முடியாது என்ற வாதத்தை ஜனநாயகக் கட்சியினர் கையிலெடுத்து, அவரை கீழவையிலிருந்து நீக்கினார்கள். தன்னைப் பற்றிய தீர்மானத்தில் அவர் வாக்களிக்க முடியாது என்பதுதான் இதில் நுட்பம். அவை 79 ஆகச் சுருங்கியது. 40 வாக்கே பெரும்பான்மை. பிரவுன் 40–39 என்று வென்றார்.

தாவல் தடைச் சட்டம் அங்கே கிடையாது. கொறடாவை மீறினாலும் பதவி போகாது. கணக்குத் தீர்ப்பது தொகுதி மக்கள். 1911 முதல் கலிபோர்னியாவில் திரும்ப அழைக்கும் தேர்தல் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் என்றால், அந்தப் பதவிக்குக் கடந்த தேர்தலில் பதிவான வாக்குகளில் 20 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து வேண்டும், 160 நாளுக்குள். ஹார்ச்சர் 1995 மே மாதம் இப்படித்தான் பதவி இழந்தார்.

குழு அறை:
1980ஐச் சேர்த்துப் பார்த்தால்தான் இது முழுதாகப் புரியும். அப்போதைய சபாநாயகர் லியோ மெக்கார்த்தியும் அந்த நாற்காலிக்குப் போட்டியிட்ட ஹோவர்ட் பெர்மனும் மோதி ஜனநாயகக் கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. அந்த வருஷ மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு தொகுதி எல்லைகள் மாற வேண்டும். பெர்மன் வந்தால் தங்கள் தொகுதிகள் சிதைந்துவிடும் என்று குடியரசுக் கட்சியினர் பயந்தார்கள். பிரவுனுக்கு 28 பேர் அவர்கள் பக்கத்திலிருந்தும், 23 பேர் சொந்தக் கட்சியிலிருந்தும் வாக்களித்தார்கள். ஆக, எதிர்க்கட்சி ஆதரவில் சபாநாயகர் ஆவது 1995-இல் அவருக்குப் புதிதல்ல.

இந்தப் பதவியை நடுவர் நாற்காலி என்று எண்ண வேண்டாம். குழுத் தலைவர் யார், எந்த உறுப்பினர் எந்தக் குழுவில் என்பதெல்லாம் சபாநாயகர் கையில். 1988-இல் ஐந்து ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் கிளர்ச்சி செய்தபோது அவர்களுடைய குழுப் பொறுப்புகளைப் பிடுங்கினார். ஒரு மசோதாவுக்கு உயிர் இருப்பதும் இல்லாததும் குழுவிலேயே முடிவாகிவிடுவதால் அந்த அடி பலமானது.

அவைக்குறிப்பு:
அப்படியானால் ஜூனில் ஏன் இறங்கினார்?

எண்பது இருக்கை:
ஹார்ச்சர் போனதும் எண்ணிக்கை கையை மீறியது. அதனால் குடியரசுக் கட்சியின் டோரிஸ் ஆலனை முன்னிறுத்தினார். ஜனநாயகக் கட்சியின் 39, ஆலனின் சொந்த வாக்கு ஒன்று: 40. கட்சிக்காரர்கள் கொதித்து, நவம்பரில் அவரையும் திரும்ப அழைத்தார்கள். அதற்குள் அவர் சபாநாயகர் பதவியை விட்டுவிட்டார். அடுத்து வந்த பிரையன் செடென்சிச்சும் அதே வழியில் வந்தவர்தான். பிரவுனின் அரசியல் திறமையை இந்த ஒரு வருஷம் காட்டுகிற அளவு, முந்தைய பதினான்கு வருஷமும் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

காலவரம்பு:
மேயர் விஷயத்துக்கு வருகிறேன். 1990-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 140-ஆவது முன்மொழிவு, கீழவையில் ஆயுளுக்கும் மூன்று முறை (6 வருஷம்), மேலவையில் இரண்டு முறை (8 வருஷம்) என்று வரம்பு கட்டியது. 1964 முதல் உறுப்பினரான பிரவுனுக்கும் சலுகை இல்லை. எல்லாருக்கும் கணக்கு 1990 தேர்தலிலிருந்து. 90, 92, 94 என மூன்றும் முடிந்தால் 1996-இல் வெளியே. 1995 டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் பதவியிலிருந்த ஃபிராங்க் ஜோர்டனைத் தோற்கடித்து, 2004 ஜனவரி வரை மேயராக இருந்தார். சான் பிரான்சிஸ்கோ நகரமும் மாவட்டமும் ஒன்றானது என்பதால் அதை இறக்கம் என்று சொல்ல மாட்டேன்.

கலிபோர்னியா அரசியல்வாதி யாருடைய வரலாற்றைப் படித்தாலும் 2012ஐக் கவனியுங்கள். அந்த வருஷம் வாக்காளர்கள் நிறைவேற்றிய 28-ஆவது முன்மொழிவுக்குப் பிறகு முதன்முறை தேர்வானவர்கள் மொத்தம் 12 வருஷத்தையும் ஒரே அவையில் கழிக்கலாம். 140-ஆவது முன்மொழிவின் வரம்பு பிடித்த காலத்தில் சபாநாயகர்கள் பெரும்பாலும் இரண்டு வருஷத்தில் மாறிக்கொண்டிருந்தார்கள். அந்தோனி ரெண்டன் 2016 முதல் 2023 வரை நீடித்தார்.