ஷிப்ட் கிட் போட்டவர்கள் உண்டா? ஆட்டோமேட்டிக் பிக்கப் அனுபவங்கள்

கேட்டி வண்டிக்காரன்:
2002 செவ்ரோலே சில்வராடோ, 5.3 லிட்டர், 4எல்60-ஈ ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி. கியர் வழுக்காமல் சட்டென்று விழவைக்கும் இந்த ஷிப்ட் கிட் எதற்கு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. படகு டிரெய்லரை மாட்டிவிட்டால் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வழுக்கிக்கொண்டே போகும், எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எண்ணெய் போகும் செபரேட்டர் பிளேட்டில் துளைகளைப் பெரிதாக்கி, கியர் விழும் அடியைத் தணிக்கும் அக்யுமுலேட்டர் ஸ்பிரிங்குகளை மாற்றி, கூடவே கார்வெட் சர்வோவும் (இரண்டாவது கியரின் பேண்டை, அதாவது டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டையை, இறுக்கும் பெரிய பிஸ்டன்) போட்டாயிற்று.

அப்புறம் மாமனாரை ஏற்றிக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பினேன். மதுரையிலிருந்து வந்திருந்தார். சிக்னல் விழுந்ததும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். இரண்டாவது கியர் விழுந்ததில் பின் டயர் கீச் என்றது. "மாப்ளே, நிறுத்துங்க! பின்னாடி எவனோ இடிச்சுட்டான்!" ஓரங்கட்டியே ஆக வேண்டும் என்றார். இறங்கிப் போய் பம்பரைத் தடவிப் பார்த்தார், குனிந்து டிரெய்லர் மாட்டும் ஹிட்ச்சையும் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. காசு கொடுத்து நானே செய்துகொண்டது இது என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முழு மிதியில் இடித்தால் சந்தோஷம்தான். மெதுவாகப் போகும்போதும் இடிக்கிறதே, உங்களுக்கும் இப்படியா?

ஒற்றை கேபின்:
நான் கிட்டே வாங்கவில்லை. 1999 ஃபோர்டு எஃப்-150, 4ஆர்70டபிள்யூ பெட்டி, வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு ஜே-மாட் (கிட் இல்லாமலே பிளேட்டில் துளையைப் பெரிதாக்கும் வழி) செய்தேன். ஃபோர்டில் இந்தப் பெட்டியோடு வேலை பார்த்த ஒரு இன்ஜினியரே சொல்லிக்கொடுத்த வழி என்பதால் துணிந்து இறங்கினேன். டிரில், பிளேட், கேஸ்கெட், எண்ணெய், ஃபில்டர். பெரிய செலவில்லை.

மறக்க முடியாதது, எண்ணெயைப் பிரித்து அனுப்பிக் கியரை மாற்றும் வால்வ் பாடியை இறக்கிய நேரம். எண்ணெய் எல்லாம் வடிந்துவிட்டது என்று நம்பித்தான் கடைசி போல்ட்டைக் கழற்றினேன். மேலே எங்கெங்கோ தேங்கியிருந்தது முழுக்கக் கையை வழியாக அக்குளுக்குள் இறங்கியது. அதோடு எண்ணெய் வழியை அடைத்துத் திறக்கும் செக் பால் என்கிற சின்னப் பந்து ஒன்றும் விழுந்து, டிரைவ்வே சரிவில் உருண்டு போகிறது! மல்லாந்து கிடக்கிற ஆள், இரண்டு கையிலும் வால்வ் பாடி, விடவும் முடியாது. மகள் ஓடிப்போய் காலால் அமுக்கிப் பிடித்தாள். பட்டாணி அளவுதான், ஆனால் அது இல்லாமல் மூடியிருந்தால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டியதுதான். திரும்ப ஏற்றும்போது பந்துகளை வாசலினில் ஒட்டி வையுங்கள். ஏடிஎஃப்பில், அதாவது பெட்டி எண்ணெயில், அது கரைந்துவிடும். சாதாரண கிரீஸ் கூடவே கூடாது.

இப்போது ஷிப்ட் பிரமாதம். உங்களுடையது மெதுவாகப் போகும்போதும் இடிக்கிறதென்றால் கம்ப்யூட்டர் டியூனிலும் லைன் பிரஷரை (பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம்) ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ரிவர்ஸ் ராசா:
கார்வெட் சர்வோ போட்டேன் என்று சந்தோஷமாக எழுதுகிறவர்கள் என் கதையையும் கேளுங்கள். அதே 4எல்60-ஈ. ஒரு கடையில் விட்டுக் கிட்டும் சர்வோவும் போட்டேன். "டிரக் இனி வேற மாதிரி ஆயிடும்" என்றார்கள். ஆனது.

ஐ-10இல் சான் ஆன்டோனியோ போகும் வழியில் சாப்பிட நிறுத்தினேன், வண்டியின் மூக்கு சுவரைப் பார்த்தபடி. சாப்பிட்டு வந்து ரிவர்ஸ் போட்டால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி அசையவில்லை. டி-யில் போட்டால் சுவரை நோக்கி நகர்கிறது. குடும்பம் முழுக்க உள்ளே. பக்கத்தில் கூரை வேலைக்கு வந்திருந்த மெக்சிகோக்காரர்கள் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே பின்னால் தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் முதல் கியரும் மூன்றாவது கியரும் மட்டும்தான். அப்படியே உருட்டி வீடு வந்து சேர்ந்தோம். பிரித்துப் பார்த்தால் சன் ஷெல் (உள்ளே டிரம்மையும் நடுக் கியரையும் இணைக்கும் கிண்ணம் போன்ற பாகம்) உடைந்திருந்தது.

ஆகவே கேட்டி நண்பரே, மாமனார் சொன்னது சரி. இடிக்கத்தான் செய்கிறது, பம்பரில் அல்ல, பெட்டிக்குள்ளே.

ஒற்றை கேபின்:
ராசா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சன் ஷெல் போனால் இரண்டு, நாலு, ரிவர்ஸ் மூன்றும் சேர்ந்து போகும், சரி. ஆனால் அது கிட்டால்தான் உடைந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்தக் காலத்துப் பெட்டியில் எதுவுமே தொடாத வண்டியிலும் ஷெல் உடையும். என் மைத்துனன் வண்டியில் அப்படித்தான் போனது. ஊர் முழுக்கக் கடினப்படுத்திய ஷெல் விற்கிறார்களே, அது யாருக்காக?

நீங்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். மெதுவாகப் பிடிக்கும் பேண்டும் கிளட்சும் வழுக்கும் அந்த அரை நொடியில்தான் தேய்கின்றன, அங்கேதான் சூடு. சொகுசுக்காகக் கம்பெனி மென்மையாக வைத்ததை நாம் இறுக்குகிறோம். எடை இழுக்கிறவனுக்கு அது நல்லதுதான்.

ரிவர்ஸ் ராசா:
பெரிய சர்வோ என்றால் பேண்ட் அதிக விசையோடு டிரம்மைப் பிடிக்கும். அந்த அடியை வாங்குவது ஷெல். பழைய ஷெல்லை அப்படியே விட்டுவிட்டுச் சர்வோவை மட்டும் மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் அதுதானே? உங்கள் மைத்துனனுக்குத் தானாக உடைந்தது. எனக்கு உடைக்கக் காசு கொடுத்தேன். சுவர் முன்னால் நின்று பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

தம்மாம் டிரைவர்:
என்னுடையது ஹைலக்ஸ், 2.7 பெட்ரோல், 6 கியர் ஆட்டோ. கிட் எதுவும் போடவில்லை. வாங்கியபோது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு குத்தல். ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைச் செருகி, பழைய ஓட்டுநர் காலத்தில் அது கற்று வைத்திருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டிக் கற்றுக்கொடுத்தார் ஒரு பாகிஸ்தான் மெக்கானிக். போயே போச்சு.

எல்லோரும் ஷிப்ட்டையே பேசுகிறீர்கள், சூட்டை யாரும் பேசவில்லையே? முதலில் டிரான்ஸ்மிஷன் வெப்பமானி ஒன்று போடுங்கள். ஏடிஎஃப் 93 டிகிரி செல்சியஸைத் தாண்டியே ஓடிக்கொண்டிருந்தால் சீக்கிரம் கெட்டுவிடும், சூடு இன்னும் ஏறினால் வால்வ் பாடியில் வார்னிஷ் மாதிரிப் பிசின் படியும். அதிகச் சூடு இன்ஜினையும் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில்தான், அது லாக் ஆகாமல் எடை இழுக்கும்போது. ஆகவே ரேடியேட்டருக்கு முன்னால் தனிக் கூலர். இங்கே கோடையில் அது இல்லாமல் இழுவை வேலை நடக்காது. அப்புறம் எண்ணெய். பழைய டெக்ஸ்ரான் 3 கேட்கும் பெட்டியில் டெக்ஸ்ரான் 6 ஊற்றலாம், திருப்பிச் செய்யக் கூடாது. 4ஆர்70டபிள்யூவுக்கு மெர்கான் 5. டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ். கடைக்காரன் "எல்லாத்துக்கும் போடலாம்" என்று ஒரு டப்பா நீட்டுவான், வாங்காதீர்கள். வால்வ் பாடி போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர் போன்ற சின்ன இறுக்கம்தான், அலுமினிய மரை, கை பலத்தைக் காட்டினால் போய்விடும். கேபிள் வைத்த பழைய 700ஆர்4 பெட்டி யாரிடமாவது இருந்தால், டிவி கேபிளை (த்ராட்டில் வால்வ், மிதிக்கு ஏற்ப பிரஷரை மாற்றும் கேபிள்) சரியாகப் பொருத்தாமல் தெருவைத் தாண்டாதீர்கள். பிரஷர் ஏறாமல் மூன்றாவது, நாலாவது கியருக்கான கிளட்ச் கருகிவிடும். பிளேட்டில் கிட் சொன்ன அளவுக்கு மேல் துளை போடாதீர்கள், பெரிதான துளையைச் சிறிதாக்க முடியாது, புது பிளேட்தான்.

கேட்டி வண்டிக்காரன்:
தம்மாம் அண்ணே, நான் கேட்டது இடிக்கிறதா என்று மட்டும்தான். ஆனாலும் கூலர் யோசனைக்கு நன்றி.

ஒற்றை கேபின் சொன்னதுதான் சரியாக இருந்தது. முன்பு வண்டியை வைத்திருந்தவர் டியூனில் ஷிப்ட் பிரஷரை ஏற்றி வைத்திருக்கிறார். அதன் மேல் என் கிட். பாதி மிதிக்குக் கீழே மட்டும் பிரஷரைக் குறைத்துவிட்டேன். இப்போது கடைக்குப் போகும்போது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை, டிரெய்லர் மாட்டினால் டக்கென்று விழுகிறது. ராசா சொன்ன ஷெல் பயம் மட்டும் போகவில்லை. அடுத்தமுறை பெட்டியைப் பிரித்தால் அதையும் மாற்றிவிடுவேன்.

ரிவர்ஸ் ராசா:
அதுவரை மூக்கை உள்ளே விட்டு நிறுத்தாதீர்கள். என்னிடம் கழற்றிய கார்வெட் சர்வோ சும்மா கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா? கேட்டி நண்பருக்குத் தர மாட்டேன்.