குளத்துக்கரை டீச்சரோடு உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் பறக்கை பக்கம். டீச்சரோடு எனக்கு முதலில் நடந்தது சண்டைதான். 2012-இல் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி எடுத்தோம். இடித்த கல்லையும் மண்ணையும் டெம்போக்காரர் குளத்துக்கரையில் தட்டிவிட்டுப் போய்விட்டார், ஊரில் எல்லோரும் தட்டுகிற இடம் அதுதானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் டீச்சர், கையில் மண்வெட்டி. "மக்கா, குளத்துல கெடக்கது உனக்க மண்ணுதானே? வா, அள்ளுவோம்." எங்கள் அப்பாவுக்கே பாடம் எடுத்தவர் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை, கத்திவிட்டேன். அவர் பதிலே சொல்லாமல் போய் அள்ளத் தொடங்கினார். எழுபதை நெருங்குகிற மனுஷி மண் அள்ள, தெருவே வேடிக்கை பார்க்க, எவ்வளவு நேரம் சும்மா நிற்பது? மூன்று நாள், நாலு டெம்போ, கூலி என் கைக்காசு. ஒரு வருடம் அவரோடு பேசவில்லை.

2021 நவம்பர் மழையில் அடுத்த தெருவில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் பக்கம், குளம் நிரம்பினால் வழிந்தோடுகிற மறுகால் ஓடை வழியே வடிந்துவிட்டது. அப்போதும் டீச்சர் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை, ஓடையில் அடைத்துக் கிடந்த வாழைமட்டையை இழுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

—

நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மனு வாங்கியவள், ஆபீஸ் பெயர் வேண்டாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவர் வந்தாலே எங்களுக்குள் ஒரு பார்வை ஓடும். மற்றவர்கள் நாலு பக்கம் அழுது எழுதுவார்கள். டீச்சர் மனுவில் சர்வே எண், எத்தனை சென்ட், என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். ரசீது கைக்கு வராமல் நகர மாட்டார். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு வரும், 30 நாள் தாண்டினால் மேல்முறையீடு.

ஒரு முறை, பதிவேட்டில் அப்படி ஒரு குளமே இல்லை என்று பதில் போயிற்று. அடுத்த வாரம் மலையாளத்தில் எழுதிய பழைய ஆவணத்தின் நகலோடு வந்துவிட்டார். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம்தானே, அந்தக் காலத்துக் காகிதம் பலதும் மலையாளத்தில்தான் இருக்கும். எங்களில் வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவரே நின்று வரிவரியாக வாசித்துச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். மாணவி மாதிரிதான்.

—

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள், சரி. என் வீட்டுக்காரர் அந்தக் குளத்தில் தாமரை குத்தகை எடுத்திருந்தார், பூ தோவாளைச் சந்தைக்குப் போகும். பூச்சி விழுந்ததற்கு மருந்து அடித்தோம், மீன் செத்து மிதந்தது. டீச்சர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்க, குத்தகை போயிற்று. மருந்து அடித்தது தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்ததும் பறவை பார்க்க ஊர்ஊராக ஆள் வருகிறார்கள், நல்லது. குளத்தை நம்பிப் பிழைக்கிறவனையும் யாராவது ஒரு பட்டியலில் போடுங்கள்.

—

அந்தச் சுமைதாங்கிக் கல்லை யாரும் எழுதவில்லையே! ரோட்டை அகலமாக்க வந்தபோது டீச்சர் அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பிளாஸ்கில் காப்பியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கோஷம் ஒன்றும் இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக நடுகிற கல் அது என்று ஜேசிபி ஓட்டிவந்த பையனுக்கு விளக்கினார். அவன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிவிட்டான். கடைசியில் கல்லைப் பத்தடி தள்ளி நட்டார்கள், இப்போதும் நிற்கிறது.

இப்போது அவருக்கு முழங்கால் வலி, மனுவை நான்தான் கொண்டு போகிறேன். போன மாதம் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன். கை நீட்டினார். ரசீது வாங்க மறந்திருந்தேன். அப்படியே அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டார்.