பிளைண்ட்ஸ் துடைக்கத் துடைக்க அழுக்காகுது, அவசரம்

ஜன்னலோரம்: ஜன்னல் பிளைண்ட்ஸ்ல (பட்டைத் திரை) பயங்கர தூசி. ஈரத்துணி வெச்சுத் துடைச்சேன், சேறு பூசின மாதிரி கோடு கோடா ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை வீட்ல விசேஷம். என்ன போட்டா போகும்?

தென்னங்கீற்று: எந்த வகைங்க? படுக்கைவாட்டுப் பட்டையா, தொங்குற துணிப் பட்டையா, சுருட்டுற ரோலரா? அலுமினியமா, மரமா, பிவிசியா?

மாடிவீடு: எந்த ரூம் ஜன்னல்? தூசி உதிருதா, விரல்ல ஒட்டுதா?

புளிக்கரைசல்: எதுவா இருந்தாலும் வினிகர் பாதி, தண்ணி பாதி. மேல சமையல் சோடா தூவித் தேய்ங்க, பளிச்னு ஆகும்.

சுத்தியல்: மாசம் ஒரு தரம் இதே கேள்வி. பழைய பதிவைத் தேடிப் பார்த்துட்டு வந்தா என்ன? காய்ஞ்ச தூசியில தண்ணி பட்டா சேறுதான் ஆகும். இது அடிப்படை.

மாடிவீடு: @புளிக்கரைசல் ரெண்டையும் கலந்தா நுரைச்சு ஒண்ணை ஒண்ணு முறிச்சிடும், மிஞ்சுறது உப்புத்தண்ணி. அதோட சோடாத்தூள் பெயின்ட்ல கீறல் போடும்.

புளிக்கரைசல்: அப்போ வினிகர் மட்டும்?

மாடிவீடு: போர் தண்ணி காய்ஞ்சு படியுற வெள்ளைக் கறைக்குச் சரி. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்புதான்.

ஜன்னலோரம்: அலுமினியம். கிச்சன். ஒட்டுது.

தென்னங்கீற்று: அப்போ அது வெறும் தூசி இல்ல, தாளிப்புப் புகை படிஞ்ச பிசுக்கு. ஃபேனை நிறுத்திட்டு, கீழே பேப்பர் விரிங்க. பிளைண்ட்ஸை முழுசா இறக்கி, ஓரத்துல தொங்குற கோலைத் திருப்பிப் பட்டைகளை மூடுங்க. காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணியால மேலேர்ந்து கீழே ஒரு தரம். மறுபக்கம் திருப்பி மூடி இன்னொரு தரம். அதுக்கு அப்புறம்தான் தண்ணி: 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் 1 டீஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம். துணியை நல்லாப் பிழிஞ்சு, அதால பட்டையை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு, துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்க. இன்னொரு கை பட்டையைத் தாங்கணும். அலுமினியம் ஒரு தரம் மடங்கினா அந்த மடிப்பு போகவே போகாது. வேற துணியில வெறும் தண்ணி தொட்டு மறுபடி துடைங்க. சோப்பு தங்கினா அதுலயே அடுத்த வாரத் தூசி ஒட்டும்.

சுத்தியல்: இவ்வளவு எதுக்கு? கழட்டி பாத்ரூம்ல ஷவரைத் திறந்தா பத்து நிமிஷ வேலை.

மாடிவீடு: பட்டையெல்லாம் தொங்குற மேல் பெட்டிக்குள்ள இரும்புத் தண்டு இருந்தா துருப்பிடிக்கும். துரு கயிறு வழியா இறங்கினா வெள்ளைக் கயிறு பழுப்பாயிடும்.

சுத்தியல்: கவுத்துப் பிடிச்சு, பெட்டியை பிளாஸ்டிக் கவர்ல கட்டிட்டா உள்ளே போகாது. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.

மாடிவீடு: ஆறடி பிளைண்ட்ஸை ஒரு ஆள் கவுத்துப் பிடிச்சா பட்டை வளையாம இருக்குமா? ரெண்டு பேர் இல்லாம கழட்டவே கூடாது.

தென்னங்கீற்று: @ஜன்னலோரம் ஈரத்தோட மேலே ஏத்திடாதீங்க. பட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீர்த்தடம் விழும், கயிறு பூஞ்சை பிடிக்கும். திறந்த நிலையில ரெண்டு மூணு மணி நேரம் காயட்டும்.

ஜன்னலோரம்: ஒரு ஜன்னல் முடிஞ்சுது, கோடு இல்ல. கயிறு மட்டும் பட்டையைத் தாண்டுற இடத்துல மஞ்சள். ப்ளீச் தொடலாமா?

மாடிவீடு: வேண்டாம், பட்டையில சொட்டினா பெயின்ட் கெடும். காலைல வினிகர் தடவியிருந்தா கிட்டயே கொண்டு போகாதீங்க, ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். அதே சோப்புத் தண்ணியில பழைய டூத்பிரஷ் முக்கி, கயிறு நெடுக மேலேர்ந்து கீழே தேய்ங்க. குறுக்கே தேய்ச்சா பிரி விட்டுடும்.