குகை ஓவியத்துக்கும் முதல் நகரத்துக்கும் இடையே ஏன் இத்தனை நீண்ட காலம்?

வினா: நெடுவழி
பிரான்சின் ஷோவே குகையில் உள்ள சிங்கங்களும் காண்டாமிருகங்களும் ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்டவை என்று படித்தேன். கரியைத் தேய்த்து நிழல் காட்டவும், பாறையின் மேடுபள்ளத்தை விலங்கின் உடலாக மாற்றவும் அறிந்திருந்தவர்களை அறிவில் நம்மைவிடக் குறைந்தவர்கள் என்று கருத முடியவில்லை. ஆனால் மெசபடோமியாவில் ஊருக் ஒரு பெருநகரமாக எழுந்தது கி.மு. நான்காம் ஆயிரமாண்டில்தான். கலை மெல்ல மெல்ல முதிர்ந்து நாகரிகமாயிற்று என்று கொள்வதா, அல்லது இவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று கொள்வதா?

மறுமொழி: செங்காவி
முதிர்ந்தது என்ற எண்ணத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும் என்பேன். ஸ்பெயினின் அல்தாமிரா குகையில் 1879-இல் காட்டெருமை ஓவியங்கள் கண்டறியப்பட்டபோது, இவ்வளவு தேர்ச்சியான கலை கற்காலத்துக்கு உரியதாக இருக்க முடியாது என்று அறிஞர்கள் பலர் மறுத்தனர். அம்மறுப்பில் முன்னின்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் கார்த்தெயாக் தம் கருத்தை மாற்றிக்கொண்டு எழுதியது 1902-இல். பின்னர், எளிய கோட்டுருவில் தொடங்கிப் படிப்படியாக ஏறி ஏறத்தாழ 17,000 ஆண்டுப் பழமையுள்ள லாஸ்கோ குகையில் கலை உச்சம் தொட்டது என்று ஓர் ஏணி கட்டினார்கள். 1994-இல் ஷோவே வெளிப்பட்டதும் அந்த ஏணியும் சரிந்தது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பன்றி ஒன்றும் மனிதச் சாயலுள்ள உருவங்களும் அமைந்த ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டு வயது என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. ஓவியத்தின் மேல் படிந்த சுண்ணப் படலத்தின் வயதைத்தான் அங்கே கணித்தார்கள் என்பதால், ஓவியம் அதைவிடப் பழையதாகவும் இருக்கலாம்.

எனவே அந்த நீண்ட இடைவெளிக்கு மூளையைக் காரணம் காட்ட இயலாது. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன்புவரை நிலவியது கடைசிப் பனியுகம். குளிரும் வறட்சியும் மிக விரைவாக மாறிமாறி வந்த அக்காலத்தில் ஒரே நிலத்தை நம்பி விதைப்பது பெரும்பாலும் வீண் வேலையாக முடிந்திருக்கும்.

மறுமொழி: மண்மேடு
தட்பவெப்பம் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தொடர்பே இல்லை என்று முடித்துவிட வேண்டாம். துருக்கியின் தென்கிழக்கில் உள்ள கோபெக்லி தெபேவைப் பாருங்கள். கி.மு. 9500 அளவில், மட்பாண்டம் இன்னும் புழக்கத்துக்கு வராத காலத்தில், 5.5 மீட்டர் வரை உயர்ந்த சுண்ணாம்புக்கல் தூண்களை வெட்டி எடுத்து வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றில் நரி, பாம்பு, தேள், பிணந்தின்னிக் கழுகு ஆகியவை புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன; சில தூண்களில் கைகளும் இடைக்கச்சையும் உண்டு, முகம் மட்டும் இல்லை. அங்கே கிடைத்த எலும்புகளும் தானியங்களும் காட்டு வகையைச் சேர்ந்தவை. அதாவது, இதைக் கட்டியவர்கள் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்தவர்கள். வேளாண்மை வந்து, உபரி சேர்ந்து, ஓய்வு கிடைத்த பிறகே பெருங்கலை பிறந்தது என்று நாம் பள்ளியில் படித்த வரிசை இங்கே செல்லுபடியாகவில்லை.

1995-இல் அகழாய்வைத் தொடங்கிய கிளவுஸ் ஷ்மித், இதை யாரும் குடியிராத வழிபாட்டிடமாகக் கருதி, கோயில் முதலில், ஊர் பின்னர் என்றார். பின்னர் வெளிப்பட்ட குடியிருப்புச் சான்றுகள் அக்கருத்தைத் தளர்த்திவிட்டன. (கவர்ச்சியான வாசகம் என்பதால் காணொளிகளில் அது இன்றும் ஓயவில்லை.) இருப்பினும், பெருந்திரளானோரை ஒரு வேலைக்காகக் கூட்டி, உணவளித்து, ஒரே உருவ மரபில் செதுக்க வைக்கும் ஆற்றல் வேளாண்மைக்கு முன்பே இருந்தது என்பது உறுதி.

நெடுவழி
அப்படியானால் ஊருக்கில் புதிதாக என்னதான் நிகழ்ந்தது?

மறுமொழி: களிமண் வில்லை
படத்தின் வேலை மாறியது என்பதே என் விடை. பனியுகக் குகைகளில் மனித உருவம் அரிது. காணப்பட்டாலும் பெரும்பாலும் அரைகுறைக் கோடுகளாகவே இருக்கும். கி.மு. ஏழாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த, துருக்கியின் சத்தால்ஹோயுக் ஊரில் மனிதர்கள் கூட்டமாக ஒரு பெரிய காளையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். ஆயினும் அது வீட்டுச் சுவரில் தீட்டப்பட்ட ஓவியம், அவ்வீடுகளுக்கிடையே அளவிலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை.

ஊருக்கில் கிடைத்த, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள வெண்கல் சாடியில் நிலைமை வேறு. அடியில் நீர், அதன் மேல் பயிர், அதன் மேல் ஆடுகள், அதற்கும் மேல் கலங்களைச் சுமந்து வரும் ஆடையற்ற ஆடவர், உச்சியில் இனன்னா தெய்வம் அல்லது அவளுடைய பூசாரிணி. எல்லாம் வரிசை, வரிசைக்கு மேல் வரிசை. யார் கொடுப்பவர், யார் பெறுபவர் என்பதைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். இதே ஊரில்தான் கி.மு. 3300 அளவில் களிமண் வில்லைகளில் வாற்கோதுமைக்கும் ஆட்டுக்கும் கணக்கெழுதத் தொடங்கினார்கள். தொடக்ககால எழுத்துகளில் பல அப்பொருள்களின் சிற்றுருவங்களே. பண்டகசாலைக் கதவையும் சாடியின் வாயையும் அடைத்த ஈரக் களிமண்ணில் உருட்டப்பட்ட உருளை முத்திரைகளிலும் சிறு சிற்பங்கள் உண்டு. வழிபாடு, கணக்கு, உடைமை மூன்றும் ஒரே படமொழியில் பேசுகின்றன. இதைக் கலையின் வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஷோவே சிங்கங்களின் பக்கத்தில் வைத்தால் அச்சாடியின் ஆட்கள் விறைப்பாகவே தெரிவார்கள்.

மறுமொழி: செங்காவி
ஊருக்கையும் எகிப்தையும் மட்டும் வைத்துப் பொதுவிதி வகுக்க வேண்டாம். கி.மு. 3100 அளவிலான, எகிப்தின் நர்மர் கல்தட்டில் அரசன் பகைவனின் முடியைப் பற்றிக்கொண்டு தடியை ஓங்கி நிற்கிறான். சிந்துவெளியிலோ திட்டமிட்ட தெருக்கள், வடிகால்கள், ஒரே அளவுமுறைக்கு இணங்கிய எடைக்கற்கள் என நகரத்துக்கு வேண்டியவை யாவும் உள்ளன. மாக்கல் முத்திரைகளில் ஒற்றைக் கொம்பு விலங்கு திரும்பத் திரும்ப வருகிறது. வெற்றி கொண்டாடும் மன்னனின் சிற்பம் மட்டும் இல்லை. ‘பூசாரி அரசன்’ எனப்படும் மொகஞ்சதாரோச் சிற்பம் 17.5 சென்டிமீட்டர் உயரமே உடையது. அவர் பூசாரி என்பதற்கோ அரசன் என்பதற்கோ சிற்பத்திலேயே சான்று எதுவும் கிடையாது.